கல்லுக்கும் உண்டு எத்தா சிவில்!

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தாத்தா எந்த வருஷம் பிறந்தார், கொள்ளுத் தாத்தாவுக்கு எந்தத் தேதியில் கல்யாணம் என்று வீட்டில் சண்டை வந்தால், பரணில் ஏறி ஜாதகக் கட்டைத் தேட வேண்டாம். 'எத்தா சிவில்' ஆபீஸில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்கிற பழக்கத்தை பிரெஞ்சுக்காரன் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அலைகிறவர்கள் அந்த நகலுக்காகத்தான் நடையாய் நடக்கிறார்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் பாவம்! ஒண்ணாங் கிளாஸில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் எழுதியதுதான் தேதி. உங்கள் ஆபீஸ் சர்வீஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். சீனியர்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் வரிசையாகப் பிறந்திருப்பார்கள். 'நீ மார்கழிக் குளிர்ல பொறந்தவன்டா' என்பாள் அம்மா. 'ஜூன் 5' என்று சாதிக்கும் சர்ட்டிபிகேட். ரிட்டயர்மென்ட் சர்ட்டிபிகேட்படிதான்!

மனுஷனுக்கே இந்தப் பாடு. ஒரு கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'நீ எப்போ பொறந்தே? எந்த ஊரு?' என்று கேட்டால் பதில் வருமா?

வரும் என்கிறார் என் நண்பர். எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறவர். சாரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் அவர் வந்து நின்றால் பேச்சு எப்படியும் கல்லில்தான் முடியும். போன மாதம் ஒரு நாள் திடீரென்று கேட்டார்.

"பீச்சுல காந்தி சிலை பக்கத்துல உட்கார்ந்து கடலைப் பார்க்கறோமே... அந்தக் கடலோட தரைக்கு என்ன வயசு இருக்கும்?"

டீ மாஸ்டர் முந்திக்கொண்டார். "அது ஆதிகாலத்துக் கடல் சார்! பூமி உண்டான நாள்லேர்ந்து இருக்கு."

"அதான் இல்லை! வங்கக்கடல் தரை நேத்திப் பையன். உலகத்துல ரொம்பப் பழைய கடல்தரை வேணும்னா சேலம் பஸ் ஏறி நாமக்கல் போகணும்."

"நாமக்கல்லில் முட்டை கிடைக்கும், லாரி கிடைக்கும். கடலா?" என்றேன்.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டோம். சொன்னது இதுதான்.

கடலுக்கு வயசாவதில்லை!

பூமிக்கு வயது சுமார் 454 கோடி வருஷம். ஆனால் இன்றைய பெருங்கடல்களின் தரையில் எங்கே தேடினாலும் 20 கோடி வருஷத்தைத் தாண்டிய பாறை கிடைப்பதில்லை. நம் வங்கக்கடலின் தரை, சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவும் அன்டார்டிகாவும் பாகம் பிரித்துக்கொண்டு போன பிறகு உருவானது.

காரணம் எளிது. கடல்தரை ஒரு பக்கம் பிறந்துகொண்டே இருக்கிறது. நடுக்கடல் மலைத்தொடர்களில் பூமி விரிசல் விட்டு, உள்ளேயிருந்து பாறைக் குழம்பு வந்து, இறுகித் தரையாகிறது. இன்னொரு பக்கம் செத்துக்கொண்டே இருக்கிறது. சுமத்ரா பக்கம் இருக்கிற மாதிரி ஆழமான பள்ளங்களில் பழைய தரை பூமிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பிறந்து, நகர்ந்து, புதைந்து... 20 கோடி வருஷத்துக்குள் கதை முடிந்துவிடும்.

இந்தக் கடல்தரை ஆறு, ஏழு கிலோமீட்டர் தடிமன். மேலே சேறு. அதன் கீழே எரிமலைக் குழம்பு தண்ணீரில் பட்டு தலையணை தலையணையாக உறைந்த பசால்ட். அதற்கும் கீழே நாலைந்து கிலோமீட்டருக்கு கேப்ரோ என்ற பாறை. மேலே வர முடியாமல் உள்ளேயே மெதுவாக ஆறி, பெரிய பெரிய படிகங்களாக இறுகியது. கடல்தரையில் பெரும்பங்கு இந்த அடித்தட்டுதான். ஆனால் மனுஷன் கண்ணில் படாது.

பார்த்தே தீருவது என்று 1961-ல் அமெரிக்காக்காரன் 'மோஹோல்' என்று ஒரு திட்டம் போட்டுக் கடலில் துளை போட்டான். தரைக்குள் 183 மீட்டர் போனதோடு சரி. செலவு ஏறுகிறது என்று 1966-ல் திட்டத்தையே ஊற்றி மூடிவிட்டார்கள். நம் இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, மேல்தட்டெல்லாம் உரிந்து கேப்ரோ வெளியே தெரிகிற ஒரு கடலடி மேடு இருக்கிறது. அட்லாண்டிஸ் திட்டு என்று பெயர். அங்கே 1987-லும் 1997-லும் 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' கப்பல் போட்ட துளை 1,508 மீட்டர் ஆழம். மேலும் போகலாம் என்று பார்த்தால், கொந்தளிப்பில் துளைக்குழாய் முறிந்து உள்ளேயே விழுந்துவிட்டது! 2015 கடைசியில் பக்கத்தில் இன்னொரு துளை போட்டார்கள். அது சுமார் 800 மீட்டர்.

அதற்காக மனசு உடைந்து போக வேண்டாம். அபூர்வமாகச் சில இடங்களில், புதைய வேண்டிய கடல்தரை புதையாமல் வழுக்கிக் கரை மேல் ஏறிவிடுகிறது. ஓமன், சைப்ரஸ், நம் நாட்டில் லடாக், மணிப்பூர், அந்தமான். பாம்புத்தோல் மாதிரிப் பச்சைப் பளபளப்பு இருப்பதால் கிரேக்க மொழியில் பாம்பை வைத்து 'ஓஃபியோலைட்' என்று பெயரிட்டார்கள். நாம் பாம்புக்கல் என்று வைத்துக்கொள்வோம். அந்தமான் பாம்புக்கல்லுக்கு வயது சுமார் 9½ கோடி.

நாமக்கல் கல்லுக்கு? அங்கேதான் வம்பே!

சித்தம்பூண்டிக்கு ஒரு டிக்கெட்

பரமத்தி பக்கம் இருக்கிறது சித்தம்பூண்டி. வறண்ட காடு, சோளக்கொல்லை, ஆடுகள். பாறை மட்டும் வித்தியாசம். வெள்ளை வெளேர் என்று, நடுவில் எள் தூவினது போல் கறுப்புப் புள்ளிகள். சில இடத்தில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஜமுக்காளக் கோடு. வெள்ளை, அனார்த்தொசைட். அட்டைக்கறுப்பு, குரோமியம் உள்ள குரோமிடைட். கரைந்த குழம்பில் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வண்டல் அது. அடி கனத்த ரசம் மாதிரி!

குனிந்து குனிந்து நாங்கள் தேடுவதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்தார்.

"ஏனுங் தம்பி, செவப்புக் கல்லுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க ஐயா, இந்தக் கல்லுக்கு வயசு பார்க்க வந்தோம்."

"வயசா? கல்லுக்கு மாப்பிள்ளை பார்க்கறீங்களாக்கும்!"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே கிடைக்கும் குருந்தக் கல் பேர்பெற்றது. 'கொரண்டம்' என்ற இங்கிலீஷ் வார்த்தையே நம் 'குருந்தம்' போட்ட பிச்சை. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் போன போர்னோன் பிரபு, நம் பக்கத்துக் குருந்தக் கல் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் தாதுவை 1802-ல் வர்ணித்து, 'இந்தியனைட்' என்று பெயரும் வைத்தார். 1956-ல் ஏ.பி.சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுத, உலக நிலவியல்காரர்களுக்கு இந்தக் குக்கிராமம் மனப்பாடம் ஆனது.

ரெண்டு குமார்

வயசு பார்ப்பது எப்படி? 'ஐசோடோப்' என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ரொம்ப சுலபம்.

உங்கள் ஆபீஸில் ரெண்டு குமார் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அட்டெண்டன்ஸில் ஒரே பெயர். ஒரே வேலை. ஒரே சம்பளம். ஆனால் எடை மெஷினில் ஏற்றினால் ஒருத்தர் 60 கிலோ, ஒருத்தர் 61. ஐசோடோப் என்றால் அவ்வளவுதான். ஒரே தனிமம், எடை மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ரசாயனத்துக்கு ரெண்டும் ஒன்று. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற எடை மெஷினுக்கு வேறு வேறு.

சில ஐசோடோப்புகள் தானாகவே இன்னொன்றாக மாறும். யுரேனியத்தில் எடை 238 உள்ளது பாதியாகக் குறைய 447 கோடி வருஷம். எடை 235 உள்ளதற்கு 70 கோடி. ரெண்டும் கடைசியில் ஈயமாகும், ஆனால் வேறு வேறு எடையுள்ள ஈயம்.

இதற்குப் பாஸ்புக் வைத்திருக்கிறது ஜிர்கான் என்ற படிகம். முடிப் பருமன்தான் இருக்கும். குழம்பிலிருந்து இறுகும்போது யுரேனியத்தை உள்ளே விடும். ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அதாவது, அசல் உண்டு, ஆரம்பத்தில் வட்டி பூஜ்யம். இன்றைக்கு உள்ளே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால், கணக்கு எப்போது துவங்கியது என்று தெரிந்துவிடும். ஒரே பாஸ்புக்கில் ரெண்டு வட்டி விகிதத்தில் ரெண்டு டெபாசிட். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். எந்த பாங்க்கில் இந்த வசதி உண்டு, சொல்லுங்கள்!

இன்னொரு கணக்கு சமாரியம் - நியோடிமியம். சமாரியம் 147 பாதியாக 10,600 கோடி வருஷம் பிடிக்கும். ரொம்பப் பொறுமையான கடிகாரம். இதற்கு ஒரு படிகம் போதாது. ஒரே குழம்பில் பிறந்த பல துண்டுப் பாறைகளைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அளந்து, கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கோட்டின் சரிவுதான் வயது.

அம்மா சொன்னதா, வாத்தியார் எழுதினதா?

ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒய்.ஜே.பாஸ்கர் ராவும் சகாக்களும் சித்தம்பூண்டிக் கல்லைச் சமாரியம் முறையில் அளந்து 1996-ல் வெளியிட்ட வயது: சுமார் 293 கோடி வருஷம்.

அதே ஹைதராபாத் நிறுவனத்தின் ராம் மோகன் உள்ளிட்ட குழு 2013-ல் ஜிர்கானை வைத்துப் பார்த்தது. வந்த விடை: சுமார் 254 கோடி.

வித்தியாசம் 39 கோடி வருஷம்! டைனோசர் தோன்றி, ஆண்டு, மாண்டு, மனுஷன் வந்து ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற வரைக்குமே 25 கோடி வருஷத்துக்குள்தான் ஆகியிருக்கிறது. எதை நம்புவது?

நண்பர் விளக்கினார். "கோடு போடற முறையில ஒரு நிபந்தனை இருக்கு. எல்லாத் துண்டும் ஒரே குழம்புல, ஒரே நியோடிமிய விகிதத்தோட ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு குழம்பு கலந்திருந்தா கோடு வரும், ஆனா பொய்க் கோடு. பாலோட மோர் கலந்த மாதிரி."

"அப்போ ஜிர்கான்தான் சரி?"

"அவசரப்படாதே. பாறை மறுபடி புதைஞ்சு வெந்தா, ஜிர்கான் புதுசா முளைக்கும், இல்லேன்னா பழைய படிகத்து மேல தோல் மாதிரி வளரும். நீ பார்க்கற தேதி பிறந்த தேதியா, கல்யாணத் தேதியான்னு படிகத்தைப் பார்த்துத்தான் பிரிக்கணும்."

2013 குழு அப்படித்தான் பிரித்தது. 254 கோடி, பிறந்த தேதி. சில படிகங்கள் காட்டிய 246 கோடி, பாறை உள்ளே போய் வெந்த தேதி. பாறையில் உள்ள கார்னெட் என்ற சிவந்த தாது 1996 அளவையில் மூன்றாவது ஒரு தேதியைச் சொன்னது. சுமார் 73 கோடி. அப்போது இன்னொரு தரம் அடுப்பில் ஏறியிருக்கிறது!

ஒரே கல்லில் மூன்று பதிவு. எத்தா சிவில் தோற்றது போங்கள்!

செகண்ட் டிகாஷன்

சரி, வயசு தெரிந்தது. அது கடலடிக் கல் என்று எப்படித் தெரியும்? இதற்கும் ஐசோடோப்தான் சாட்சி.

பில்டரில் காபிப்பொடி போட்டு முதல் டிகாஷன் இறக்கினால் சத்தெல்லாம் அதில் போய்விடும். அதே பொடியில் ரெண்டாவது டிகாஷன் இறக்கினால் ருசியிலேயே தெரிந்துவிடும், விருந்தாளிக்கு நாம் என்னதான் சிரித்துக்கொண்டு நீட்டினாலும்! பூமியின் உள்பாறையும் இப்படித்தான். ஒரு தரம் உருகிச் சாறு இறங்கும்போது, சமாரியத்தைவிட நியோடிமியம் அதிகமாக வெளியேறிவிடும். மிஞ்சிய சக்கையில் சமாரியத்தின் பங்கு கூடுதல். அதனால் காலப்போக்கில் அதில் நியோடிமியம் 143-இன் விகிதம் ஏறிக்கொண்டே போகும். பிற்பாடு அந்தச் சக்கை மறுபடி உருகி வந்தால் ஐசோடோப் காட்டிக்கொடுத்துவிடும். கடல்தரை பிறப்பது இந்த செகண்ட் டிகாஷனில். கண்டத்துப் பழம்பாறை உருகி வந்திருந்தால் முத்திரை நேர் எதிராக இருக்கும்.

சித்தம்பூண்டியில் நியோடிமியமும் சரி, ஜிர்கானுக்குள் இருக்கும் ஹாஃப்னியமும் சரி, சொல்வது செகண்ட் டிகாஷன்!

அடுத்தது தண்ணீர். கடல் தண்ணீரில் ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் 0.7092. புதுக் கடல்தரையில் அது சுமார் 0.7025. மூன்றாவது தசமத்தில் வித்தியாசம். சம்பளத்தில் இவ்வளவு குறைந்தால் நமக்குத் தெரியாது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தெரியும். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று லாக்டோமீட்டர் சொல்கிற மாதிரி, பாறைக்குள் எவ்வளவு கடல் நீர் நுழைந்தது என்று இது சொல்லும். அட்லாண்டிஸ் திட்டில் எடுத்த கேப்ரோவில் ஸ்ட்ரான்ஷியத்தையும் ஆக்சிஜனையும் அளந்துதான், கடல் நீர் விரிசல் வழியாகக் கீழ்த்தட்டு வரைக்கும் சூடாக ஓடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

254 கோடி வருஷத்துப் பாறையில், ரெண்டு தரம் வெந்த பிறகு, இந்த லாக்டோமீட்டரை அப்படியே நம்ப முடியாது. ஆனால் சித்தம்பூண்டியில் வேறு தடயம் இருக்கிறது. எள் மாதிரி கறுப்புப் புள்ளி சொன்னேனே, அது ஹார்ன்பிளெண்ட். உள்ளேயே தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும் தாது.

இஸ்ரோ இந்த ஊருக்கு வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நிலாவின் மேட்டு நிலம் அனார்த்தொசைட். 1971-ல் அப்பல்லோ 15 கொண்டு வந்த வெள்ளைக்கல் அதுதான். வயது 400 கோடிக்கு மேல். சந்திரயான்-2-இன் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க டன் கணக்கில் நிலா மண் வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல்காரர்கள் கையைக் காட்ட, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடித்து பெங்களூரில் நிலாவை விரித்தார்கள். அந்தச் செய்முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியபோது நாமக்கல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதில் தப்பே இல்லை.

ஆனால் நிலாக்கல்லுக்கும் நம் கல்லுக்கும் முக்கியமான வித்தியாசம் இந்தக் கறுப்புப் புள்ளிதான். நிலாவில் வறட்சியாகப் பிறந்தது. இங்கே தண்ணீரோடு பிறந்தது. ஒரு கடல்தரை இன்னொன்றின் அடியில் நுழையும்போது, நனைந்த பாறை தண்ணீரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீரால் மேலிருக்கும் பாறை உருகி, எரிமலைத் தீவு வரிசை உண்டாகிறது. சித்தம்பூண்டி அப்படி ஒரு தீவு வரிசையின் அடித்தளம் என்பது 2013 குழுவின் முடிவு. இந்தத் தீவுகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டித்தான் கண்டங்கள் வளர்ந்தன. நாம் வீடு கட்டி, ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிற நிலமெல்லாம் இப்படிச் சேர்ந்ததுதான்.

இன்னும் ஒரு ஆச்சரியம். அங்கிருந்து காவேரியோரமாகக் கிழக்கே போனால் முசிறி வட்டாரத்தில் மணமேடு. அங்கேயும் கேப்ரோ, கடல்தரைப் பாறை வரிசை. வயது சுமார் 75 முதல் 82 கோடி. சித்தம்பூண்டி கார்னெட் சொன்ன 73 கோடியோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது! காவேரியை ஒட்டி ஒரு கடல் இருந்து, மூடி, ரெண்டு நிலம் தைக்கப்பட்டது. பாலக்காட்டிலிருந்து காவேரி வரைக்கும் அந்தத் தையல் ஓடுகிறது என்கிறார்கள் ஒரு சாரார். அது வெறும் வெட்டுப்பட்ட நிலம், தையலெல்லாம் இல்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சாட்சி பாறைதான்.

பக்க எண் இல்லாத காகிதம்

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். சித்தம்பூண்டிக்குப் போகிற வழியெல்லாம் ஜல்லி லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. பாறை இருந்தால் உடைப்பார்கள். ரோடு வேண்டும், வீடு வேண்டும். நானும் அந்த ரோட்டில்தானே பஸ்ஸில் போனேன்?

"உடைச்சாலும் ஜல்லிக்குள்ள ஜிர்கான் இருக்குமே? அப்புறம் வயசு பார்த்துக்கலாமே?" என்று நண்பரைக் கேட்டேன்.

"தேதி இருக்கும். இடம் போயிடும். எந்த அடுக்கு கீழே, எது மேலே, எது எதை வெட்டிக்கிட்டுப் போச்சு... அது பாறை நிக்கற இடத்துலதான் தெரியும். 293-ஆ 254-ஆன்னு தீர்க்கறதுக்கு அந்த வரிசைதான் வேணும். ரிஜிஸ்டரைக் கிழிச்சுக் காத்துல விட்டா, ஒவ்வொரு காகிதத்துலயும் எழுத்து இருக்கும். பக்க எண் இருக்காது."

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திருவக்கரை இருக்கிறது. கல்லாய்ச் சமைந்த மரங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, வேலி போட்டுப் பாதுகாக்கிறது. மரம் கல்லானால் எல்லோருக்கும் ஆச்சரியம். கல் கல்லாகவே இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதிலும் சித்தம்பூண்டிக் கல் கோலிவுட் ஹீரோ மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாதிரி, வேலிக்கல்லாகவும் துணி துவைக்கிற கல்லாகவும் கிடக்கிறது.

மலை முழுக்க வேண்டாம். ஜமுக்காளக் கோடு நன்றாகத் தெரிகிற நாலு இடம், மணமேட்டில் ரெண்டு இடம், ஒரு தகவல் பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், "இதுதான்டா கடலோட அடித்தட்டு, அமெரிக்காக்காரன் துளை போட்டும் எட்ட முடியாதது" என்று கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னால், அதில் ரெண்டு பேராவது ஜியாலஜி படிக்கப் போவார்கள். படித்தவர்களுக்கு அதே துறையில் வேலையும் கிடைத்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஓர் ஆள் குறையும். குறையட்டுமே!

சேலம் - கரூர் ரோட்டில் போகிறவர்கள் பரமத்தி பக்கம் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கல்லைப் பார்த்தால், ரெண்டு நிமிஷம் நின்று விசாரித்துவிட்டுப் போங்கள். நம் ஊரில் ரிஜிஸ்டர் தொலைந்தால் மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, நாலு நாள் அலைந்து நகல் வாங்கிவிடலாம். லாரியில் ஏறிவிட்ட கல்லுக்கு நகல் தர எந்த ஆபீஸும் இல்லை.